எழுந்து நிற்காத தேங்காய்

மாசி 28, திங்கள்

எழுதப் படிக்கத் தெரியாதவன் நாட்குறிப்பு எழுதக் கிளம்பினால் ஊர் சிரிக்கும். ஊருக்கு முன்னால் நானே சிரித்து முடித்துவிட்டேன். சொல்வது நான், எழுதுவது மருமகள் கோகிலவாணி. தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். நான் வாய்க்கு வந்தபடி கொட்டுவதை அவள் பேனா குளிப்பாட்டி, தலைசீவி, பவுடர் போட்டு உட்கார வைத்துவிடும். எதை எழுதினாள், எதை விட்டாள் என்று சரிபார்க்க எனக்கு வக்கில்லை. 'வக்கில்லை' என்பதை மட்டும் அப்படியே போடு அம்மணி என்று சொல்லியிருக்கிறேன்.

டைரி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டிக்குக் குழாய் விற்கும் கடைக்காரர் என் மகனுக்குக் கொடுத்தது. வயிற்றில் குழந்தை அசைவதையும் இவளுக்கு மூச்சு வாங்குவதையும் தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. அதற்கு மூன்று வரி போதும். "மிச்ச எடம் சும்மாதான கெடக்குதுங் மாமா, நீங்க ஏதாச்சும் சொல்லுங்க. படுத்தே கெடந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சுரும்" என்றாள்.

என் பெயர் ராக்கியண்ணன். திருச்செங்கோட்டுப் பக்கம் போர் போடுகிறவர்களுக்கு நீரோட்டம் பார்த்துப் பாயிண்ட் சொல்வது தொழில். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடப்பேன். கீழே தண்ணீர் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். நின்ற இடத்தில் துளை போட்டால் தண்ணீர் வரும் என்பது நம்பிக்கை. புழுதி மட்டும் பறந்த இடங்களும் உண்டு. எந்தத் தோட்டம், எந்த மூலை, யார் என்னைத் திட்டினார், என்ன சொல்லித் திட்டினார் என்று இன்றைக்கும் ஒப்பிப்பேன். ஆனால் இவளுக்குக் கை வலிக்கும். மகன் அர்த்தநாரி போர் வண்டியில் டிரில்லர். இப்போது சத்தீஸ்கரில் துளை போடுகிறான். அப்பன் சொன்ன பாயிண்டில் மட்டும் போடக் கூடாது என்று அவ்வளவு தூரம் போயிருக்கிறான்.

இன்றைய சேதிக்கு வருகிறேன். மருமகளுக்கு ஏழரை மாதம். வயிற்றைப் பார்த்தால் நிறைமாதம் தாண்டியது போலிருக்கும். நான் டீக்கடையில் உட்கார்ந்து, "ரெட்டைப் புள்ளைதான், என்ற கண்ணுக்குத் தப்பாது" என்று அறிவித்து, எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்திருந்தேன். இன்று ஸ்கேன் பார்த்தார்கள். குழந்தை ஒன்றுதான். மிச்சமெல்லாம் தண்ணீர். பனிக்குடத்தில் இருக்க வேண்டிய அளவுக்கு மேலே ஏறி நிற்கிறதாம்.

ஊர் ஊராகப் போய் மண்ணுக்கடியில் தண்ணீர் தேடியவன் நான். என் வீட்டுக்குள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு நடமாடிய தண்ணீரைப் பார்க்கவில்லை.

பங்குனி 1, வியாழன்

முதல் பிரசவம் பொறந்த வீட்டில் பார்ப்பதுதான் முறை. கரூரில் சம்பந்தியம்மாள் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து கிடக்கிறார். என் வீட்டுக்காரி போய் ஆறு வருஷமாகிறது. மகன் சத்தீஸ்கரில். ஆகக்கூடி, பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துக்கொள்ளும் பெரிய மனுஷி நான்தான். குளிக்க வைக்க, துணி மாற்ற பக்கத்து வீட்டுப் பாவாத்தாள் வருகிறாள். சமையல் என்னுடையது. என் ரசத்தைக் குடித்துவிட்டு மருமகள் "நல்லாருக்குதுங் மாமா" என்றாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா சொன்னது ஒரே வார்த்தை: படுத்தே இருக்க வேண்டும். இங்கேதான் தொல்லை. எங்கள் வீட்டில் மாமனார் வந்தால் மருமகள் எழுந்து நிற்பாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. என் அப்பாவுக்கு என் வீட்டுக்காரி எழுந்தாள், எனக்கு இவள் எழுகிறாள். அதனால் உள்ளே போகுமுன் நான் தொண்டையைச் செருமுவேன். கல்யாணமான நாளிலிருந்து இவள் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததே கிடையாது.

காபி கொண்டு போகிறேன், செருமுகிறேன். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மூச்சு வாங்க எழுந்து நிற்கிறாள். மாத்திரைக்குச் செருமல். இளநீருக்குச் செருமல். "ஏன் இன்னும் படுக்கவில்லை?" என்று கேட்கப் போனேன். அதற்கும் செருமினேன், எழுந்துவிட்டாள்.

"எந்திரிக்காத அம்மணி."

"நானா எந்திரிக்கறனுங் மாமா? செருமல் கேட்டா காலு தானா கீழ எறங்குது."

"அப்ப செருமாம வர்றேன்."

"ஐயோ, அது எனக்கு இன்னும் பயமுங்."

எனக்கும் அது திருட்டுப் பூனை வேலையாகத்தான் பட்டது. கடைசியில் வாசற்படிக்கு வெளியே, அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆள் தெரியாவிட்டால் எழ வேண்டியதில்லையே. தட்டைக் கைத்தடியால் உள்ளே தள்ளுகிறேன். பாவாத்தாள் பார்த்துவிட்டு, "ஏனுங்ண்ணா, கடிக்கற நாய்க்குச் சோறு வெக்கற மாதிரி தள்றீங்க?" என்றாள்.

இந்த டைரியும் இப்படித்தான் நடக்கிறது. நான் முற்றத்துச் சுவரைப் பார்த்துப் பேசுகிறேன். உள்ளேயிருந்து பேனா கீச்சுக்கீச்சென்கிறது.

பங்குனி 2, வெள்ளி

இவளுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்த ரத்த ரிசல்ட் வந்துவிட்டது. சர்க்கரை இல்லை. நல்லதுதானே என்றேன். டாக்டரம்மா முகம் அப்படிச் சொல்லவில்லை. சர்க்கரை இருந்தால் தண்ணீர் ஏறியதற்கு அதுவே காரணமாகியிருக்குமாம்.

எனக்கு எழுத்துதான் ஏறாது, காதில் விழுந்தது ஏறும். அவர் சொன்னதைச் சொன்னபடி வைக்கிறேன்.

"பெரியவரே, பனிக்குடத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு நெனைக்கறீங்க? குழந்தை ஒண்ணுக்குப் போறதுதான் பெரும்பகுதி. அதையே குழந்தை முழுங்கும், மறுபடி போகும். முழுங்கறதும் போறதும் சமமா இருந்தா அளவு நிக்கும். முழுங்கறது கொறஞ்சா தண்ணி ஏறும். சில குழந்தைக்கு உணவுக்குழாய்ல அடைப்பு இருக்கும், முழுங்க முடியாது. பல பேருக்குக் காரணமே தெரியறதில்ல, குழந்தை நல்லாவே பொறக்கும். முழுங்கற தண்ணி ஸ்கேன்ல வயித்துக்குள்ள குமிழியாத் தெரியும், இவங்க குழந்தைக்கு அது சின்னதாத் தெரியுது. தெரியறது நல்லது, ஆனா அடிச்சுச் சொல்ல முடியாது. பொறந்ததும் டியூப் விட்டுப் பாத்தாத்தான் நிச்சயம்."

இன்னொன்றும் சொன்னார். "இவ்ளோ தண்ணி இருக்கறப்ப பனிக்குடம் திடீர்னு ஒடஞ்சா, வர்ற வேகத்துல தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால வெளிய வந்துரலாம். அதனால நிக்கக் கூடாது, நடக்கக் கூடாது. உடனே படுக்க வெச்சு, இடுப்ப ஒசத்தி, படுத்த வாக்குலயே கொண்டு வரணும். புரியுதா பெரியவரே?"

புரிந்தது என்றேன். குழந்தை ஒன்றுக்குப் போவதை அதுவே குடிக்கிறது என்பதில்தான் கொஞ்சம் தடுமாறிப்போனேன். ராக்கியண்ணன் பேரப்பிள்ளை பிறக்குமுன்பே இப்படியா என்று பட்டது.

ஆட்டோவில் திரும்பி வந்தோம். ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது, "முழுங்குமுங்களா மாமா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடி புதிதாக இருந்ததே, கவனித்தாயா என்றேன்.

இதை எழுதாதே என்று இப்போது சொன்னேன். பேனா நிற்கவில்லை.

பங்குனி 6, செவ்வாய்

படுத்த படுக்கையில் இவளுக்கு மூளை அதிகமாக வேலை செய்கிறது. "மாமா, எனக்குத் தேங்கா வெச்சுப் பாருங்" என்றாள்.

"கிறுக்கா உனக்கு? அது மண்ணுக்குப் பாக்கறது."

"தண்ணி தண்ணிதானுங்? ஸ்கேன்ல தண்ணி அளவு இருவத்தஞ்சத் தாண்டி முப்பத்திரெண்டுன்னு வந்துச்சே. இவ்ளோ தண்ணிக்குத் தேங்கா எந்திரிச்சு டான்ஸே ஆடோணும்."

மாட்டேன் என்றேன். பாவாத்தாள், "அண்ணனுக்குப் பயமாட்ட இருக்குது" என்றாள். ஒரு பொம்பளை அப்படிச் சொல்லிவிட்டால் விட முடியுமா. நல்ல முற்றின காயாக எடுத்தேன், குடுமி இருந்தது. துண்டைத் தலையில் கட்டினேன். வாசற்படியில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் கட்டில் பக்கம் நீட்டினேன்.

தேங்காய் அசையவில்லை.

ஓரடி உள்ளே போனேன். அசையவில்லை. கண்ணை மூடிக் குலதெய்வத்தை நினைத்தேன். தேங்காய் என் உள்ளங்கையில் தொட்டில் குழந்தை மாதிரி அப்படியே படுத்திருந்தது. மருமகளைப் போலில்லை. எழுந்திருக்காதே என்று சொல்லாமலே எழுந்திருக்கவில்லை.

"இந்தக் கையப் பாத்துத்தான எங்கூட்டுக்காரரு தோட்டத்துல எண்ணூறடி போட்டுப் புழுதியப் பாத்தாரு!" என்று பாவாத்தாள் சிரித்த சிரிப்பில் அவள் வெற்றிலை வெளியே வந்தது. கட்டிலும் கிரீச்சிட்டது. மருமகள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. போன வாரத்திலிருந்து கேட்காத சத்தம்.

காய் பழசு என்று சொல்லி உடைத்தேன். உள்ளே கம்மென்று மணத்தது. சட்னி அரைத்தேன்.

பங்குனி 10, சனி

மூச்சு வாங்குவது அதிகமாகியிருக்கிறது. இரண்டு தலையணை போதாமல் சாய்ந்தே தூங்குகிறாள். வயிறு மத்தளம் போல் இறுகிக் கிடக்கிறது என்று பாவாத்தாள் சொன்னாள்.

நான் யோசித்தேன். ஒரு கிணறு நிரம்பி வழிந்தால் என்ன செய்வோம்? இறைப்போம், அல்லது வரத்தை அடைப்போம். இறைப்பது என் கையில் இல்லை. வரத்து என் கையில்தான் இருக்கிறது, சொம்பில் ஊற்றிக் கொடுப்பவன் நான்தானே. சின்ன டம்ளரை எடுத்து வைத்தேன். இளநீரை நிறுத்தினேன். மோரைக் கெட்டியாக்கினேன். ரசத்துக்குப் பதில் துவையல். கேட்டால், "தண்ணி கொறைக்கறது நல்லதும்மா" என்றேன். டாக்டரம்மா சொன்னாரா என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இவ்வளவு சுலபமான வேலையை இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லையே என்று வியந்துகொண்டேன்.

பங்குனி 11, ஞாயிறு

மருமகளுக்குத் தலைவலி. உதடு வெடித்திருக்கிறது. இன்று எழுத வேண்டாம் என்றேன். இதை மட்டும் எழுதிவிட்டாள்.

பங்குனி 12, திங்கள்

காலையில் வயிறு விட்டுவிட்டு இறுகி வலித்தது. மயக்கமாக வருகிறது என்றாள். ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். வலி நிற்க ஊசி போட்டார்கள். பகல் சாய்வதற்குள் வலி அடங்கியது.

டாக்டரம்மா அவளுடைய நாக்கைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார். "தண்ணி குடிக்கறதில்லையா?" என்றார். மருமகள் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தாள். என்னை மட்டும் பார்க்கவில்லை. அதனால்தான் டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"பெரியவரே, நீங்களா?"

"வரத்தக் கொஞ்சம் மட்டுப்படுத்துனனுங்."

"என்ன வரத்து?"

கிணற்றுக் கணக்கைச் சொன்னேன். ஒரு நர்ஸ் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இவங்க வயிறு உங்க கிணறு இல்ல. இவங்க குடிக்கற தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஒடம்பு காஞ்சா கர்ப்பப்பை சுருங்கும். இப்ப முப்பத்தி ரெண்டு வாரம் முடிஞ்சு ரெண்டு நாள்தான் ஆவுது, இன்னைக்கே பொறந்திருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?"

துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வார்டுக்கு வெளியே வந்தேன்.

எண்ணூறடியில் புழுதி வந்தால் தோட்டக்காரன் கெட்ட வார்த்தை சொல்வான். அதைக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். இங்கே பஸ் இல்லை. வார்டு வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மருமகள் உள்ளேயிருந்து, "மாமா, ஒரு சொம்புத் தண்ணி வேணுமுங்" என்றாள். பெரிய சொம்பில் கொண்டு போனேன். முழுதும் குடித்தாள். நான் பார்க்க வேண்டும் என்றே குடித்தாள் போலிருந்தது.

பங்குனி 20, செவ்வாய்

ஈரோட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் இன்று தண்ணீர் எடுத்தார்கள். உட்கார்ந்தாலும் மூச்சு முட்டுகிறது என்றதால் எங்கள் டாக்டரம்மாவே அனுப்பி வைத்தார்.

வயிற்றில் ஊசி குத்தி எடுப்பார்கள் என்றார்கள். அதாவது போர் போடுவது. நான் வெளியே நின்றேன். எப்படி நடந்தது என்று மருமகள்தான் சொன்னாள். மிஷினை வயிற்றில் வைத்துத் திரையைப் பார்த்தபடி ஒரு சின்ன டாக்டர் பாயிண்ட் குறித்தாராம். பையனுக்கு மீசைகூடச் சரியாக இல்லையாம். முதல் குத்திலேயே தண்ணீர். குழாய் வைத்து மெதுவாக, ஒன்றரை லிட்டர் போல வடித்தார்களாம்.

முதல் குத்து! என் சரித்திரத்தில் அப்படி ஒன்று இல்லை. மோகனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் மூன்று பாயிண்ட் சொல்லி மூன்றிலும் பாறைத்தூள் வந்து, நாலாவதாக நான் ஓடினேன்.

"நல்லா மூச்சு வருதுங் மாமா" என்றாள் மருமகள். மூச்சுக்குத் தோளைத் தூக்கியே வைத்திருந்ததில் பத்து நாளாகத் தெரியாமலிருந்த அவள் கழுத்து இன்று தெரிந்தது. ஆனால் மறுபடி ஊறும் என்று அந்தச் சின்ன டாக்டர் சொல்லியிருக்கிறார். குமிழி இன்றைக்கும் சின்னதாகத்தான் தெரிந்ததாம். குழந்தையின் நுரையீரல் பலத்துக்கு இவளுக்கு ஊசியும் போட்டிருக்கிறார்கள்.

பங்குனி 27, செவ்வாய்

சங்ககிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் பாயிண்ட் பார்க்கக் கூப்பிட வந்தார். முட்டி வலி, நடக்க முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

அவர் போன கையோடு பாவாத்தாள் கேட்டாள். "முட்டி வலிக்குதுங்களா? நேத்து மலைக்கோயிலுக்குப் படியேறி வந்தீங்கன்னு பூக்காரி சொன்னாளே. முந்தா நாளும் பாத்தாளாம்."

"முட்டிக்குத்தான் படியேறச் சொல்லியிருக்குது."

"ஆரு?"

பாவாத்தாளுக்கு வேலை இல்லை, கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அறை வாசலுக்கு வெளியே பாய் போட்டுப் படுக்கிறேன். அங்கேதான் காற்று வருகிறது. மருமகள் சிரிக்கிறாள். அந்தப் பக்கம் ஜன்னலே இல்லையாம்.

சாயங்காலம் எனக்குப் பாடம் கேட்டாள், வகுப்புப் பிள்ளையைக் கேட்பது மாதிரி. "பனிக்குடம் ஒடஞ்சா என்னுங் மாமா பண்ணோணும்?" ஒப்பித்தேன். நூற்றுக்கு நூறு என்றாள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒருத்தர் கேட்டிருந்தால் நானும் படித்திருப்பேன்.

சித்திரை 1, ஞாயிறு

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி செய்தேன். வேப்பம்பூ அதிகமாகிவிட்டது. வருஷம் முழுக்க எப்படி இருக்குமென்று நாக்கில் தெரிந்துவிட்டதாகப் பாவாத்தாள் சொன்னாள்.

அர்த்தநாரி போனில் பேசினான். வண்டி ஒரு மலைக்காட்டில் நிற்கிறதாம், மாற்று ஆள் வந்ததும் ரயில் ஏறுவானாம். "அப்பா, அவளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றான். ஆகாதுடா என்றேன். "நீங்க பாயிண்ட் சொல்றப்பவும் இதே கொரல்லதாம்ப்பா சொல்லுவீங்க" என்றான்.

மறுபடி தண்ணீர் ஊறியிருக்கிறது.

சித்திரை 6, வெள்ளி

(இதையும் அடுத்த இரண்டையும் எழுதியது சித்திரை 12 அன்று. அதுவரை எழுத ஆளில்லை. என் தலைக்குள் தேதி போட்டு வைத்திருந்தேன், ஒரு சொல் சிந்தவில்லை.)

காலைப் பலகாரம் முடிந்த நேரம். அர்த்தநாரி போனில் கூப்பிட்டு ரயில் ஏறிவிட்டதாகச் சொன்னான். சந்தோஷத்தில் கால் தானாக மருமகள் அறைக்கு நடந்தது. இத்தனை நாளாக வாசலுக்கு வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்தவன், இன்று நேராகப் போனேன். போனவன் பழக்கத்தில் செருமினேன்.

செருமலுக்கு அவள் கால் கீழே இறங்கியது. எழுந்து நின்றாள். நின்றதும் தண்ணீர் கொட்டியது. மாட்டுத் தொட்டியைக் கவிழ்த்தது போல. என் கால் வரை வந்தது.

அவள் அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். எனக்கு ஐம்பது வருஷ ஞாபகமும் அந்த நிமிஷம் காணோம். திடீரென்று வாய் மட்டும் ஓடியது. "நிக்கக் கூடாது, நடக்கக் கூடாது, உடனே படுக்க வெச்சு, இடுப்ப ஒசத்தி, படுத்த வாக்குலயே கொண்டு வரணும், புரியுதா பெரியவரே?" என்று கத்தினேன். 'பெரியவரே' என்பது உட்பட.

கத்திக்கொண்டே உள்ளே போய்விட்டேன். தோளைப் பிடித்துப் படுக்க வைத்தேன். இடுப்புக்கு உயரம் வேண்டுமே என்று பார்த்தேன். மூலையில் தேங்காய் மூட்டை இருந்தது. இழுத்து வந்து அவள் இடுப்புக்கு அடியில் திணிக்கப் போனேன்.

சத்தம் கேட்டு ஓடி வந்த பாவாத்தாள், "அட கெரகமே, தேங்காயையா வெப்பாங்க!" என்று மூட்டையைக் காலால் எற்றிவிட்டுத் தலையணைகளையும் மெத்தையையும் சுருட்டி வைத்தாள். தேங்காய்கள் அறை முழுக்க உருண்டன. அவள் போன் போட்டு வரவழைத்த நூற்றியெட்டு ஆம்புலன்ஸில் வந்தவர்கள் ஒன்றின்மேல் கால் வைத்து வழுக்கப் பார்த்தார்கள்.

வண்டியில் அவள் என் கையைப் பிடித்திருந்தாள். "கொடி வந்துருச்சுங்களா மாமா?" என்றாள். உடன் வந்த பெண் பார்த்துவிட்டு வரவில்லை என்றாள். "நகராதீங்க, இப்படியே இருங்க" என்றாள். ஆஸ்பத்திரியில் நேராக ஆபரேஷனுக்குக் கொண்டு போனார்கள்.

பெண் குழந்தை. அழுகைச் சத்தம் கதவைத் தாண்டி வந்தது. நர்ஸ் வெளியே வந்து, "பெரியவரே, பேத்தி" என்றாள். "முழுங்குதுங்களா?" என்று கேட்டேன். பேத்தி யார் சாயல் என்று கேட்பார்கள், நான் அதைத்தான் கேட்டேன். "குழந்தை டாக்டர் பாப்பாரு, இருங்க" என்று போய்விட்டாள்.

இருந்தேன். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை உள்ளே விடுவார்கள். வழி இருந்தால் வயிறு வரை போகும். அடைப்பு இருந்தால் பாதியில் மடங்கி நிற்கும். இதையும் டாக்டரம்மா அன்றே சொல்லியிருந்தார். எத்தனை துளையில் குழாய் இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பாறையில் முட்டினால் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பச்சைக் குழந்தைக்கு விடும் குழாயில் எங்கே சத்தம் வரும்?

குழந்தை டாக்டர் வந்தார். "டியூப் வயித்துக்குப் போயிருச்சு. அடைப்பு இல்ல" என்றார்.

அவருக்குக் கும்பிடு போட்டேன். கையில் பாவாத்தாள் கொடுத்துவிட்ட பிளாஸ்க் இருந்தது. கும்பிடும்போது கீழே விழுந்து உடைந்தது.

செருமல்தான் இதற்கெல்லாம் காரணம் என்று எழுதச் சொன்னேன். "எப்பிடியும் ஒடையறதுதானுங் மாமா, அன்னைக்கு ஒடஞ்சுது" என்கிறாள் மருமகள். அவள் எதை எழுதினாளோ.

சித்திரை 7, சனி

வாரம் குறைந்து பிறந்ததால் குழந்தையைக் கண்ணாடி அறையில் வைத்திருக்கிறார்கள். வழி இருந்தால் மட்டும் போதாது, தானாகக் குடிக்க வேண்டுமாம். ஒரு சங்குப் பால் கொடுத்துப் பார்த்தார்களாம், வாயிலிருந்து வழிந்துவிட்டதாம். நாளைக்குப் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

மருமகள் தையல் வலியோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நானும் யார் மூக்குக்கண்ணாடியைப் பற்றியும் பேசவில்லை.

சித்திரை 8, ஞாயிறு

அர்த்தநாரி வந்துவிட்டான். சட்டையில் கிரீஸ் கறை, கையில் ரயிலில் வாங்கிய பொம்மை. குழந்தையைப் பார்க்குமுன் கையைக் கழுவு என்று நர்ஸ் சொன்னாள். அவன் கழுவின தண்ணீர் மூன்று தடவையும் கறுப்பாகப் போனது.

இன்று குழந்தையை மருமகளிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். திரையை இழுத்துவிட்டார்கள். அர்த்தநாரி உள்ளே போனான், நான் வெளியே ஸ்டூலில். முதுகைக் காட்டிக்கொண்டுதான்.

"வாய மூடிக்குதுங்க சிஸ்டர்" என்றாள் மருமகள்.

"கன்னத்துல தொடுங்க. ம்... இப்ப புடிக்கும் பாருங்க."

தொண்டையில் செருமல் வந்து நின்றது. துண்டைக் கடித்து அடக்கினேன்.

பிறகு கேட்டது. 'க்' என்று ஒரு சின்ன சத்தம். சொட்டு வடிந்து மண்ணுக்குள் இறங்கும்போது வருமே, அது மாதிரி. மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று.

"மாமா," என்றாள் உள்ளேயிருந்து. "முழுங்குதுங் மாமா."

அர்த்தநாரி வெளியே வந்து பார்த்தபோது நான் அங்கே இல்லை. டீ குடிக்கப் போயிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வெளியே பைப்படியில் முகம் கழுவிக்கொண்டிருந்ததாக அவன் சொல்கிறான். வெயில் அப்படி.

சித்திரை 26, வியாழன்

வீட்டுக்கு வந்து பல நாளாகிவிட்டது. இத்தனை பேச்சையும் எழுதிய டைரியில் அவள் இப்போது பால் கொடுத்த வேளையைத்தான் குறிக்கிறாள். எனக்கு ஓரமாக இடம் ஒதுக்கியிருக்கிறாள்.

இன்று காலை அறை வாசலில் நின்று செருமினேன். மருமகள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடியே, "வாங்க மாமா" என்றாள். எழவில்லை. தையலா, மறதியா என்று கேட்கவில்லை. கேட்டு அவள் எழுந்து நின்றுவிட்டால்?

குழந்தையை என் மடியில் வைத்தாள். தேங்காய் வைத்துப் பழகின கையை அதன் தலைக்கு அடியில் கொடுத்தேன். குழந்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. யாரிந்தக் கிழவன் என்று புருவத்தைச் சுருக்கியது. அப்புறம் முகம் தெளிந்தது.

மடி சூடானது. வேட்டி நனைந்து தொடை வரை இறங்கியது.

"ஐயோ மாமா!" என்று மருமகள் கையை நீட்டினாள். அர்த்தநாரி விழுந்து விழுந்து சிரித்தான். குடிக்கிறது, போகிறது. டாக்டரம்மா சொன்ன கணக்கு அச்சாகச் சரி. நான் உட்கார்ந்த இடத்தில் இவ்வளவு தெளிந்த தண்ணீர் வந்தது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை.

"வேட்டிய மாத்துங்கப்பா" என்றான் அர்த்தநாரி.

கொஞ்ச நேரம் ஆகட்டும் என்றேன்.